பிரவுசர் தன்னை யாரென்று சொல்கிறது? யூசர் ஏஜென்ட் வரியைப் படிக்க, மாற்றிச் சோதிக்க, சரிபார்க்க

முகவரியைத் தட்டி என்டரை அழுத்தியதும், பக்கத்தைக் கேட்டு பிரவுசர் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. அதோடு ஹெடர் எனப்படும் சில தகவல் வரிகளும் போகும். அதில் ஒன்றுதான் யூசர் ஏஜென்ட்: இன்ன பிரவுசர், இன்ன பதிப்பு, இன்ன இயங்குதளம் என்று சொல்லும் வரி. மொபைலுக்கு ஒரு பக்கமும் கணினிக்கு வேறு பக்கமும் காட்டுவது, ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று வழிமறிப்பது, எந்த பிரவுசரில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு எல்லாம் பல தளங்களில் இந்த ஒற்றை வரியை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் அந்த வரியில் கணிசமான பகுதி உண்மையல்ல. எது உண்மை, எது சும்மா ஒட்டிக்கொண்டு வருவது என்று பிரிக்கத் தெரியாமல் அதை வைத்து முடிவெடுத்தால் நல்ல பயனரையே வாசலில் நிறுத்திவிடுவோம்.

திரையில் இவையெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் வரும். இங்கே ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறோம், பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வரியைப் பாருங்கள்

குரோம் அல்லது எட்ஜில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள் (மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஐ மூன்றும் சேர்த்து). மேலே நெட்வொர்க் என்ற டேபுக்குப் போய்ப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். டெவலப்பர் டூல்ஸ் எனப்படும் இந்தப் பலகை, திறந்திருக்கும்போது நடப்பதை மட்டும்தான் பதிவு செய்யும், அதனால் ரீலோட் செய்யாமல் பார்த்தால் பட்டியல் காலியாக இருக்கும். வரிசையில் முதலில் இருப்பது அந்தப் பக்கம். அதைக் கிளிக் செய்து, ஹெடர்ஸ் பகுதியில் ‘ரிக்வெஸ்ட் ஹெடர்ஸ்’ வரை இறங்கினால் யூசர் ஏஜென்ட் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே வழிதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ அழுத்தினால் நேராக நெட்வொர்க் டேபே திறக்கும்.

போனில் டெவலப்பர் டூல்ஸ் இல்லையே என்றால், குரோம் முகவரிப் பட்டையில் ‘குரோம்://வெர்ஷன்’ என்று அடியுங்கள். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் ‘அபவுட்:சப்போர்ட்’. இரண்டிலும் முழு வரி காட்டப்படும். ஒரு பயனர் ‘என் போனில் தளம் திறக்கவில்லை’ என்று புகார் சொன்னால், ஸ்கிரீன்ஷாட்டோடு இந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

துண்டு துண்டாகப் பிரித்தால்

விண்டோஸில் ஓடும் குரோம் இப்படிச் சொல்லும்:

மொசில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0, வின்64, எக்ஸ்64) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/131.0.0.0 சஃபாரி/537.36

மொசில்லா, ஆப்பிள், கெக்கோ, குரோம், சஃபாரி என்று ஐந்து பெயர்கள். உண்மையில் ஓடுவது ஒன்றே ஒன்று. மற்றவை 1990-களிலிருந்து சேர்ந்து வந்த படிவுகள். நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் உள்வட்டப் பெயர் மொசில்லா. பக்கத்தைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதி அதில் வந்தபோது, ‘மொசில்லா’ என்று சொன்னவர்களுக்கு மட்டும் ஃபிரேம் உள்ள பக்கத்தைப் பல சர்வர்கள் அனுப்பின. போட்டிக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் அந்தப் பக்கம் வேண்டும். ஆகவே அதுவும் ‘மொசில்லா’ என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் ‘கம்பாட்டிபிள், எம்எஸ்ஐஇ’ என்று தன் பெயரைச் சொருகியது. கேடிஇ குழுவின் கான்குவரர் பிரவுசர், பக்கத்தை வரைந்து காட்டும் தன் கேஎச்டிஎம்எல் எஞ்சினை, மொசில்லாவின் எஞ்சினான கெக்கோவைப் போல என்ற பொருளில் ‘லைக் கெக்கோ’ என்று சொல்லிக்கொண்டது. கெக்கோவுக்கு அனுப்பும் நல்ல பக்கம் தனக்கும் கிடைக்கட்டும் என்றுதான். அந்த எஞ்சினை எடுத்து வெப்கிட்டாக வளர்த்து ஆப்பிள் 2003-இல் சஃபாரியைக் கொண்டுவந்தது. 2008-இல் வெப்கிட்டை வைத்து வந்த குரோம், சஃபாரிக்குக் கிடைப்பதெல்லாம் தனக்கும் கிடைக்க வேண்டுமென்று மொத்த வரியையும் சேர்த்துக்கொண்டது. 2013-இல் குரோம் பிளிங்க் என்ற தனி எஞ்சினுக்குப் பிரிந்த பிறகும் 537.36 அப்படியே உறைந்து நிற்கிறது.

ஒவ்வொரு பொய்க்குப் பின்னாலும் ஏதோ ஒரு தளம் பெயரைப் பார்த்துக் கதவடைத்திருக்கிறது. பிரவுசர் தயாரிப்பவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

உண்மை போலத் தெரியும் விவரங்களிலும் இப்போது பல உறைந்தவை. பயனரை அடையாளம் கண்டு பின்தொடர இந்த வரி உதவுகிறது என்பதால் குரோம் 2022, 2023-இல் அதைச் சுருக்கிவிட்டது. 101-ஆவது பதிப்பிலிருந்து முதல் எண்ணுக்குப் பின் வருவது எப்போதும் 0.0.0. ஆண்ட்ராய்டு குரோமில் எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் ‘லினக்ஸ், ஆண்ட்ராய்டு 10, கே’ என்றுதான் வரும். மேக்கில் எம் வரிசைச் சிப் இருந்தாலும் ‘இன்டெல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10_15_7’. விண்டோஸ் 11-இல் இருந்தாலும் ‘விண்டோஸ் என்டி 10.0’. சர்வரின் வருகைப் பதிவான லாகைப் பார்த்துவிட்டு ‘நம் பயனர் எல்லாரும் இன்னும் ஆண்ட்ராய்டு 10-இல்தான் இருக்கிறார்கள்’ என்று அறிக்கை எழுதினால் அது தவறு.

ஃபயர்ஃபாக்ஸ் வரி சற்று நேர்மையானது: மொசில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0, வின்64, எக்ஸ்64, ஆர்வி:133.0) கெக்கோ/20100101 ஃபயர்ஃபாக்ஸ்/133.0. கெக்கோவுக்குப் பின் வரும் தேதி கணினிப் பதிப்புகளில் மாறாது. பழைய லாகில் ஆர்வி (எஞ்சின் பதிப்பு) 109.0 என்றும் ஃபயர்ஃபாக்ஸ் 115 என்றும் ஒரே வரியில் பார்த்தால் குழம்ப வேண்டாம். ‘ஆர்வி:11’ என்று தொடங்கினாலே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 என்று முடிவு கட்டும் தளங்கள் இருந்தன. 110 வந்தால் அவற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால் 110 முதல் 119 வரை ஆர்வி எண்ணை 109-இலேயே நிறுத்திவைத்தார்கள்.

பெயரைக் கண்டுபிடிக்க வரிசை முக்கியம்

எட்ஜ், ஓபேரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே குரோம் வரியை முழுவதும் எடுத்துக்கொண்டு கடைசியில் அல்லது நடுவில் ஒரு சொல்லைச் சேர்க்கின்றன. ஆகவே அபூர்வமான சொல்லை முதலில் தேடி, பொதுவான சொல்லைக் கடைசியில் தேட வேண்டும். நிரலில் இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. ‘எட்ஜ்’ (கடைசி ஈ எழுத்து இல்லாமல், பின்னால் சாய்கோடு): குரோமின் திறந்த மூல அடித்தளமான குரோமியத்தில் ஓடும் இன்றைய எட்ஜ். ஈ எழுத்தோடு இருந்தால் 2015-இல் வந்த பழைய எட்ஜ்.
2. ‘ஓபிஆர்/’: ஓபேரா.
3. ‘சாம்சங்பிரவுசர்/’.
4. ‘ஃபயர்ஃபாக்ஸ்/’.
5. ‘குரோம்/’.
6. இவை எதுவும் இல்லாமல் ‘வெர்ஷன்/’, ‘சஃபாரி/’ இரண்டும் இருந்தால் சஃபாரி. பதிப்பு எண்ணை வெர்ஷனுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். சஃபாரிக்குப் பின் இருப்பது எஞ்சின் எண்.

ஐபோனுக்கு இந்தப் பட்டியலோடு இன்னும் கொஞ்சம் வேண்டும். அங்கே குரோம் தன்னைச் ‘சிஆர்ஐஓஎஸ்’ என்றும், ஃபயர்ஃபாக்ஸ் ‘எஃப்எக்ஸ்ஐஓஎஸ்’ என்றும், எட்ஜ் ‘எட்ஜ்ஐஓஎஸ்’ என்றும் சொல்லும். பெயர் எதுவானாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4-இலிருந்து வேறு எஞ்சினுக்கு அனுமதி உண்டு. எனவே ஐபோன் குரோமில் பக்கம் உடைந்தால் சஃபாரியில் சோதித்துச் சரிசெய்யுங்கள். கணினிக் குரோமில் தேடினால் அந்தப் பிழை கிடைக்காது.

ஐபேட் இன்னொரு பொறி. 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13-இலிருந்து சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்கிறது. ஐபேட் என்ற சொல்லை வரியில் தேடினால் அகப்படாது. உண்மையிலேயே பிரித்தறிய வேண்டுமானால், வரியில் மேக்கின்டாஷ் என்று இருந்து, ஜாவாஸ்கிரிப்டில் நேவிகேட்டரின் மேக்ஸ்டச்பாயின்ட்ஸ் மதிப்பு 1-க்கு மேல் இருந்தால் அது ஐபேட்.

ஆண்ட்ராய்டு ஆப்களுக்குள் திறக்கும் பக்கங்களில் அடைப்புக்குறிக்குள் ‘டபிள்யூவி’ என்ற இரண்டெழுத்து இருக்கும். அது வெப்வியூ, அதாவது ஆப்புக்குள் பொதிந்த சிறு பிரவுசர். ஃபைல் அப்லோட், புதிய விண்டோ திறப்பது, வெளிக்கணக்கில் லாகின் செய்வது போன்றவை அங்கே ஆப் எழுதியவர் அனுமதித்தால்தான் வேலை செய்யும். ‘குரோமில் வருகிறது, சாட் ஆப்பில் லிங்கைத் தொட்டால் வரவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் இந்த இரண்டெழுத்தைத் தேடுங்கள்.

பிரேவ், விவால்டி போன்றவை பெரும்பாலும் தங்கள் பெயரையே சொல்லாமல் குரோம் வரியை அப்படியே அனுப்புகின்றன. வரியை மட்டும் வைத்து அவற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பதிப்பு எண்ணை ஒப்பிடும்போது

இங்கே நடக்கும் பிழை அதிகம். எண்ணை எழுத்தாகவே வைத்து ஒப்பிட்டால் ‘100’ என்பது ‘99’-ஐ விடச் சிறியது ஆகிவிடும். முதல் எழுத்து 1, 9-க்கு முன்னால் வருகிறதல்லவா. முதல் இரண்டு எழுத்தை மட்டும் வெட்டி எடுக்கும் நிரலுக்கு 100-ஆவது பதிப்பு 10 என்று தெரியும். குரோம் 2022 மார்ச்சிலும் ஃபயர்ஃபாக்ஸ் அதே ஆண்டு மே மாதத்திலும் 100-ஐத் தொட்டன. முன்கூட்டியே சோதித்துப் பார்க்க இரண்டுமே தனி ஏற்பாடு செய்திருந்தன. அதற்கும் முன்னால், 2009-இல் ஓபேரா 10 வந்தபோது இதே சிக்கல். ஒற்றை இலக்கம் மட்டும் படித்த தளங்கள் அதைப் பதிப்பு 1 என்று நினைத்தன. வேறு வழியில்லாமல் ஓபேரா தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் வைத்தது.

ஆகவே சாய்கோட்டுக்கும் முதல் புள்ளிக்கும் நடுவில் எத்தனை இலக்கம் இருந்தாலும் எடுத்து, முழு எண்ணாக மாற்றி, பிறகு ஒப்பிடுங்கள்.

குரோம் வகையில் கூடுதலாக வரும் ஹெடர்கள்

வரியைச் சுருக்கிய குரோம் அதற்கு மாற்றாகக் கிளையன்ட் ஹின்ட்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேட்காமலே மூன்று வரும்: ‘செக்-சிஎச்-யூஏ’வில் பெயரும் முதன்மைப் பதிப்பும், ‘செக்-சிஎச்-யூஏ-மொபைல்’ இல் கேள்விக்குறியோடு 0 அல்லது 1, ‘செக்-சிஎச்-யூஏ-பிளாட்ஃபார்ம்’ இல் இயங்குதளம். முதல் ஹெடரில் ‘கூகுள் குரோம்’, ‘குரோமியம்’ இவற்றோடு ‘நாட் ஏ பிராண்ட்’ என்பது போல ஒரு போலிப் பெயரும் இருக்கும். அது பிழையல்ல, வேண்டுமென்றே போடுவது. அந்தப் பெயரும் வரிசையும் மாறிக்கொண்டே இருக்கும். ‘முதலாவதாக இருப்பதை எடு’ என்று நிரல் எழுதுபவர்கள் சீக்கிரமே உடைந்து திருந்தட்டும் என்பதற்காக. பட்டியல் முழுவதையும் பார்த்து உங்களுக்கு வேண்டிய பெயரைத் தேடுங்கள்.

போன் மாடல், முழுப் பதிப்பு, இயங்குதளப் பதிப்பு வேண்டுமானால் சர்வர் தன் பதிலில் ‘அக்செப்ட்-சிஎச்’ ஹெடரில் அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவை இரண்டாவது கோரிக்கையிலிருந்துதான் வரும். முதல் பக்கத்திலேயே தேவையென்றால் ‘கிரிட்டிகல்-சிஎச்’ ஹெடரையும் சேருங்கள். பிரவுசர் அதே கோரிக்கையை உடனே மறுபடி அனுப்பும். ஒரு சுற்று அதிகமாகப் போவதால் பக்கம் தாமதமாகும், அவசியமில்லாமல் போடாதீர்கள்.

விண்டோஸ் 10-ஆ 11-ஆ என்று தெரிய இன்று நம்பகமான வழி இதுதான். ‘பிளாட்ஃபார்ம்-வெர்ஷன்’ மதிப்பின் முதல் எண் 13 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. 1 முதல் 10 வரை என்றால் விண்டோஸ் 10. பதினொன்று என்ற எண்ணைத் தேடினால் கிடைக்காது.

இந்த ஹெடர்கள் வரவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். தளம் எச்டிடிபிஎஸ் இல்லாமல் சாதா எச்டிடிபியில் ஓடலாம். பயனர் ஃபயர்ஃபாக்ஸோ சஃபாரியோ பயன்படுத்தலாம். இரண்டும் இந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. அல்லது கோரிக்கை வேறு டொமைனில் உள்ள உங்கள் சர்வருக்குப் போகலாம். அப்போது கூடுதல் விவரங்கள் போக, முதன்மைத் தளம் ‘பெர்மிஷன்ஸ்-பாலிசி’யில் அனுமதி தர வேண்டும்.

மாற்றிச் சோதிப்பது

குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, அதன் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளி, மோர் டூல்ஸ், நெட்வொர்க் கண்டிஷன்ஸ் என்று போங்கள். யூசர் ஏஜென்ட் என்ற இடத்தில் ‘பிரவுசர் டீஃபால்ட்’ டிக்கை எடுத்துவிட்டு, பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் அல்லது கஸ்டம் என்று வைத்துச் சொந்தமாக ஒட்டுங்கள். சொந்தமாக ஒட்டினால் கீழே கிளையன்ட் ஹின்ட்ஸ் பகுதியை விரித்து அதையும் நிரப்ப வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டும் முரண்படலாம். அதே பலகையில் ‘டிசேபிள் கேஷ்’ டிக்கையும் போட்டு ரீலோட் செய்யுங்கள். டூல்ஸ் பலகையை மூடியதும் பழைய வரி திரும்பிவிடும்.

மாற்றியும் தளம் மாறவில்லையா? ‘இவர் கணினிப் பயனர்’ என்று தளம் முன்பே குக்கியில் எழுதி வைத்திருக்கலாம். இன்காக்னிட்டோ விண்டோவில் தொடங்குங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் அந்தத் தளம் திரை அகலத்தை வைத்து முடிவெடுக்கிறது. யூசர் ஏஜென்டைப் பார்ப்பதே இல்லை.

ஃபயர்ஃபாக்ஸில் ‘அபவுட்:கான்ஃபிக்’ திறந்து, எச்சரிக்கையை ஏற்று, ‘ஜெனரல்.யூசர்ஏஜென்ட்.ஓவர்ரைடு’ என்று தேடுங்கள். அப்படி ஒன்று இருக்காது. ஸ்டிரிங் வகையைத் தேர்ந்து கூட்டல் குறியை அழுத்தி, வரியை ஒட்டிச் சேமியுங்கள். இது எல்லாத் தளத்துக்கும், பிரவுசரை மூடித் திறந்த பிறகும் நீடிக்கும். சோதனை முடிந்ததும் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தி நீக்கியே ஆகவேண்டும். நீக்க மறந்தால் ஃபயர்ஃபாக்ஸ் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்க, வெளியில் மட்டும் அன்றைய பழைய பதிப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும். ‘எத்தனை முறை அப்டேட் செய்தாலும் பழைய பிரவுசர் என்கிறது’ என்ற புகாருக்கு இது ஒரு காரணம். இந்த அமைப்பைப் போய்ப் பாருங்கள்.

சஃபாரியில் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் டெவலப்பர் வசதிகளைக் காட்டும் டிக்கைப் போட்டால், மேலே டெவலப் மெனுவில் யூசர் ஏஜென்ட் வந்துவிடும்.

சர்வர் பெயரைப் பார்த்துத்தான் வேறு பக்கம் தருகிறதா என்று உறுதி செய்ய ‘கர்ல்’ கட்டளை நல்லது. ஒரே முகவரியை இரண்டு வேறு யூசர் ஏஜென்டோடு (பெரிய ஏ எழுத்துச் சுவிட்ச்) எடுத்து இரண்டு ஃபைலில் சேமித்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் சர்வர் பிரித்து அனுப்புகிறது என்று அர்த்தம். ஆனால் நேரமும் டோக்கனும் மாறிய வரிகளை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். வேறுபாடே இல்லாமல் பிரவுசரில் மட்டும் மாறினால், பிரிப்பது ஜாவாஸ்கிரிப்ட் அல்லது சிஎஸ்எஸ்.

மறைந்துகொள்ள வேண்டும் என்று இந்த வரியை மாற்றுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எதிர்விளைவுதான் வரும். ஹெடரை மட்டும் மாற்றும் எக்ஸ்டென்ஷன் போட்டால், ஹெடர் ஐபோன் என்று சொல்லும், ஜாவாஸ்கிரிப்ட் விண்டோஸ் என்று சொல்லும். அப்படிப்பட்ட முரண் ஆயிரத்தில் ஒருவரிடம் இருப்பது, தேடுபவருக்குச் சுலபம். பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் எந்தெந்த குறியாக்க முறைகளை எந்த வரிசையில் சொல்கிறது என்பதே தனி அடையாளம். 2017-இல் வந்த ஜேஏ3 முறை அதைத்தான் கைரேகையாக்குகிறது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபான்ட், பிளகின், திரை அளவு இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது சோதித்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் வேறெதோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன.

லாகில் வரும் பொய்யர்கள்

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்கள் இரண்டிலும் ‘கம்பைன்டு’ வடிவ லாகில் யூசர் ஏஜென்ட் கடைசி மேற்கோளுக்குள் இருக்கும். ‘ஆக்’ கட்டளையில் இரட்டை மேற்கோளைப் பிரிப்பானாகக் கொடுத்தால் ஆறாவது துண்டு அதுதான். எடுத்து, வரிசைப்படுத்தி, எண்ணி, பெரியதிலிருந்து பாருங்கள். ‘பைத்தான்-ரிக்வெஸ்ட்ஸ்’, ‘கோ-எச்டிடிபி-கிளையன்ட்’, ‘கர்ல்’ என்று தொடங்குபவை நிரல்கள் என்று வெளிப்படையாகச் சொல்பவை. அவற்றைத் தடுக்கும் முன் உங்கள் சொந்த மானிட்டரிங் நிரல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிக்கல், மனிதன் போல வேஷமிடும் ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள். பல ஆண்டுக்கு முந்தைய ஒரே குரோம் பதிப்பு வெவ்வேறு ஐபியிலிருந்து கூட்டமாக வந்தால் சந்தேகப்படுங்கள். சாதாரணக் குரோம் தானாக அப்டேட் ஆவது. லாக் வடிவத்தில் செக்-சிஎச்-யூஏ ஹெடரையும் சேர்த்து வைத்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். எச்டிடிபிஎஸ் தளத்துக்கு ‘புதிய கணினிக் குரோம்’ என்று வந்து அந்த ஹெடர் இல்லாமலிருந்தால் பெரும்பாலும் அது நிரல். அதை மட்டும் வைத்து உடனே தடுக்க வேண்டாம், நடுவிலுள்ள அலுவலக ப்ராக்ஸி ஹெடரை உரித்திருக்கலாம். வேகக் கட்டுப்பாடு போதும்.

கூகுள்பாட் என்று சொல்லி வருபவரைப் பெயரை நம்பி உள்ளே விடாதீர்கள், பெயரை நம்பித் தடுக்கவும் செய்யாதீர்கள். லாகிலுள்ள ஐபிக்கு ‘ஹோஸ்ட்’ கட்டளையில் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிக்குரிய பெயரைக் காட்டும் பதிவு) பாருங்கள். பெயர் கூகுள்பாட்.காம் அல்லது கூகுள்.காம் என்று முடிய வேண்டும். பிறகு அந்தப் பெயரை மறுபடி தேடி, அதே ஐபி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது படியை விடக்கூடாது. ரிவர்ஸ் பதிவில் தன் ஐபிக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் தளத்தில் என்ன செய்யலாம்

பிரவுசர் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சிஎஸ்எஸ்ஸில் ‘அட் சப்போர்ட்ஸ்’, ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பொருள் விண்டோவில் உண்டா என்ற ஒரு வரி. ‘மொபைலா?’ என்ற கேள்விக்கும் பல நேரம் உண்மையில் தெரிய வேண்டியது வேறு: திரை அகலம் எவ்வளவு, விரலால் தொடுகிறாரா என்பதுதான். அகலத்துக்கு மீடியா குவெரி, விரலுக்கு ‘பாயின்டர்: கோர்ஸ்’ குவெரி. நாளைக்குப் புதிய பிரவுசர் வந்தாலும் இது உடையாது.

யூசர் ஏஜென்டைப் பார்த்தே ஆகவேண்டிய இடமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட பதிப்பில் மட்டும் இருக்கும் பிழைக்கு மாற்று வழி போடுவது அப்படி ஒன்று. அங்கே ‘இந்தப் பதிப்புக்குக் கீழே மட்டும்’ என்று மேல் எல்லை வையுங்கள். பிழை சரியான பிறகும் எல்லாருக்கும் அந்த ஒட்டு ஓடக்கூடாது. அடையாளம் தெரியாத பிரவுசர் வந்தால் முழு வசதியுள்ள பக்கத்தையே கொடுங்கள். அறிவிப்பு காட்டத்தான் வேண்டுமென்றால் மேலே ஒரு பட்டையாகக் காட்டி, மூட வழி விடுங்கள், பக்கத்தையே மறைக்காதீர்கள்.

ஒரே முகவரியில் ஆளுக்கேற்ப வேறு எச்டிஎம்எல் அனுப்பினால், பதிலில் ‘வேரி: யூசர்-ஏஜென்ட்’ ஹெடர் கட்டாயம். இல்லாவிட்டால் பக்கத்தின் பிரதியை வைத்திருந்து தரும் நடுவிலுள்ள கேஷ், முதலில் வந்த போனுக்குப் போன பக்கத்தையே அடுத்து வரும் கணினிகளுக்கும் கொடுக்கும். ஹெடரைப் போட்டாலும் ஒவ்வொரு வரிக்கும் தனிப்பிரதி சேர்ந்து கேஷ் பயனற்றுப்போகும். அதனால் பிரதிகளை விநியோகிக்கும் சிடிஎன் சேவையே ‘மொபைல்’, ‘கணினி’ என்று இரண்டாகச் சுருக்கி ஒரு சொந்த ஹெடரில் அனுப்பச் செய்து, கேஷை அந்த இரண்டு மதிப்பின் மேல் பிரித்துவையுங்கள்.